அறுத்துவிட்ட நரம்பு

கலையரசனின் நாள் இரண்டு துண்டாக இருந்தது. காலை ஒன்பதுக்குள் சிறுசேரியில் ஒரு கம்பெனிக்கு ஆட்களை இறக்கிவிட்டால், மறுபடி நாலரைக்குத்தான் வேனை வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நடுவில் கிடைக்கும் நேரத்தில் மற்ற டிரைவர்கள் சீட்டைச் சாய்த்துத் தூங்குவார்கள். அவன் வேனைக் கோவளம் கழிமுகத்துப் பக்கம் விட்டு, புங்கமர நிழலில் நிறுத்தி, பின்சீட்டில் தன் பெட்டியைத் திறப்பான்.

தூண்டில் போடுவதைவிட அந்தப் பெட்டியை அடுக்குவதில்தான் அவனுக்கு ருசி அதிகம் என்று அவன் மனைவி பிரதீபா சொல்வாள். பொய்யில்லை. உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பெட்டி, முப்பத்தாறு அறை. முதல் வரிசையில் ஈயத்தலை வைத்த தூண்டில் முள்களான ஜிக்குகள், ஐந்து கிராமிலிருந்து பதினான்கு வரை எடைவாரியாக. தண்ணீர் அசையாமல் கிடந்தால் இலேசானது, வேகமாக வடியும்போது கனமானது. அடுத்த வரிசையில் அந்த ஜிக்குகளில் மாட்டும் ரப்பர் மீன்கள். சிவப்பையும் வெள்ளையையும் ஒரே அறையில் போட்டால் ஒன்றின் சாயம் மற்றதில் ஏறி இரண்டும் பாழாகிவிடும் என்பதை ஒரு கோடையில் பட்டுத் தெரிந்துகொண்டான். மழைக்குப் பிறகு தண்ணீர் கலங்கினால் வெள்ளையும் மஞ்சளும்; தெளிந்துவிட்டால் மடவை மீன் குஞ்சின் நிறம். கடைசி வரிசையில் வயிற்றிலும் வாலிலும் மும்முள் தொங்கும் கெட்டிப் பொம்மை மீன்கள். துருப்பிடிக்காமல் இருக்க ஒவ்வொரு அறையிலும் செருப்பு டப்பாவில் வரும் வெள்ளைப் பொட்டலம். எது இருக்கிறது, எது போயிற்று என்று தெரிய, தினமும் மூடுவதற்கு முன் பெட்டியைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வான்.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை, கொடுவா மீன் மேய்கிறது என்று கேள்விப்பட்டு, பச்சைத்தலை வைத்த வெள்ளிப் பொம்மை மீனை எடுத்தான். ஆசைப்பட்டு வாங்கியது. நாலாவது வீச்சில் அது பழைய பாலத்துக் கல்லில் போய் மாட்டிக்கொண்டது. இடமும் வலமும் இழுத்துப் பார்த்தான். வரவில்லை. இடுப்பளவு தண்ணீர்தான், இருபது அடி தூரம்தான். இறங்கினால் எடுத்துவிடலாம். மணி நாலு. போட்டிருந்தது யூனிஃபார்ம் பேன்ட். நனைந்த பேன்ட்டோடு வண்டி ஓட்டினால் பின்னால் உட்காரும் பெண்கள் முகம் சுளிப்பார்கள். கத்தியை எடுத்துத் தூண்டில் நரம்பை அறுத்துவிட்டுக் கிளம்பினான்.

திங்கட்கிழமை அவன் வந்தபோது கழியில் ரெபேக்காள் இறங்கியிருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். ஓலைப்பறிக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவுக்கு அமிழ்ந்து, சேற்றையும் கல்லிடுக்கையும் கையால் தடவி இறால் பிடிப்பவள். அவனைப் பார்த்தால், "இன்னா தம்பி, மாட்ச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்பாள். அன்றைக்கும் கேட்டாள். அவன் ஜிக்குக்கு ரப்பர் மீன் கோத்துக்கொண்டிருந்தான். அவள் பாலத்துக் கற்கள் பக்கம் போனதை அவன் கவனிக்கவில்லை.

அலறல் கேட்டு நிமிர்ந்தபோது பறி தனியாக மிதந்துகொண்டிருந்தது. கலையரசன் பேன்ட்டோடு ஓடினான். அவளுடைய வலது கையைத் தண்ணீருக்கு மேல் தூக்கியபோது, உள்ளங்கையில் இரண்டு முள் ஏறி, பச்சைத்தலை அவனைப் பார்த்தது. கல்லில் சிக்கியிருந்த அறுந்த நரம்பைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி அவளைக் கரைக்குக் கொண்டுவந்தான்.

"எந்தப் பாவி வுட்டுட்டுப் போனான், தம்பி? உயிரு போவுதே!"

"எவனோ சிட்டிலேர்ந்து வந்தவனா இருக்கும்க்கா," என்றான் கலையரசன். யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். முள்ளின் பின்னோக்கிய கொக்கி வந்த வழியே வராது. டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, முள்ளை எதிர்ப்பக்கம் தள்ளி, முனையை வெட்டி எடுத்தார். "நல்லவேளை, கூட நீங்க இருந்தீங்க," என்றார். மகள் பிரிசில்லா, மருந்துக்கடையில் வேலை செய்பவள், ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனுக்குக் கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, அங்கே நிற்கவும் முடியவில்லை.

காயத்தில் சீழ் வைத்துவிட்டது. இரண்டாவது முறை கிழித்தார்கள். மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடவில்லை. பார்க்கப் போயிருந்த கலையரசனிடம் ரெபேக்காள் கையை நீட்டிக் காட்டினாள். "தண்ணிக்குள்ள எனுக்குக் கண்ணா கீது, தம்பி? இந்தக் கைதான். இறால் தட்டுப்பட்டா பிடிக்கறதே இந்த ரெண்டு விரல்லதான்."

அடுத்த ஞாயிறு பிரிசில்லா ஒரு பையில் இறால் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள், அம்மா கொடுக்கச் சொன்னதாக. அம்மாவால் பிடிக்க முடியாதென்பதால் யாரிடமோ கேட்டு வாங்கியது. பிரதீபா தொக்கு வைத்தாள். அவன் தட்டு முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"இன்னா ஆச்சு உனுக்கு? ஒரு மாசமா பேய் அறைஞ்ச மாதிரி கீற."

சொன்னான். பேன்ட்டிலிருந்து சிட்டிக்காரன் வரை எல்லாவற்றையும் சொன்னான். பிரதீபா அவன் தட்டை எடுத்து நகர்த்தி வைத்தாள்.

"என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அந்தம்மா கையா என் கை?"

மறுநாள் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கலையரசன் போனான். ஏன் எடுத்துப் போனான் என்று அவனுக்கே தெரியாது. ரெபேக்காள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பிரிசில்லா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னான். "அது என்னுதுக்கா. நான்தான் அறுத்துவுட்டேன்."

முதலில் பேசியது பிரிசில்லா. "தினம் ராத்திரி ஜெபத்துல உங்க பேரைச் சொல்லிகினு கீறாங்க, தெரியுமா? கர்த்தர் அனுப்பின ஆளுன்னு!" பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவனைத் தாண்டிப் போனாள்.

ரெபேக்காள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இடுப்புத் தண்ணிதான் அங்க. ஏன் எறங்கல?"

"பேன்ட் நனையுமேன்னு..."

அவள் தலையை ஆட்டினாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் கேட்டது வேறு. "இதுக்கு முன்னால எத்தினி அறுத்துவுட்ட?"

அதை அவன் நினைத்தே பார்த்ததில்லை. போனை எடுத்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து, நாலு வருடத்துப் போட்டோக்களைப் பின்னோக்கித் தள்ளினான். ஒரு படத்தில் இருக்கும் மீன் அடுத்த படத்தில் இருக்காது. தேதியை வைத்து எந்த இடம் என்று நினைவுக்குக் கொண்டுவந்தான். படகுத்துறைப் பக்கம் ஒன்று. பாலத்துக்குக் கீழே மூன்று. சவுக்குத் தோப்பு வளைவில் மூன்று. மொத்தம் ஏழு. பெட்டியில் ஒன்று காணவில்லையே என்றுதான் அதுவரை வருத்தப்பட்டிருக்கிறான்; அது எங்கே கிடக்கிறது என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

"ஏழுக்கா."

"அந்தத் தண்ணில என்னோட சேர்த்து ஒம்போது பேர் எறங்குறோம்," என்றாள். "போய் எடு. எடுத்துகினு வந்து பேசு."

தண்ணீர் நன்றாக வடியும் நாளாகப் பார்த்து அவன் இறங்கினான். கேன்வாஸ் ஷூ, தடித்த கையுறை, சேற்றைக் கிளற ஒரு இரும்பு வாரி. அழைக்காமலேயே ரெபேக்காள் கரைக்கு வந்து, காயம் நனையாமல் கையில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு நின்றாள். "அங்க இருக்காது. தண்ணி இழுப்பு கிழக்கால போவும். இன்னும் தள்ளிப் போ," என்று அவ்வப்போது கத்தினாள். அன்றைக்கு மதியம் வரை தடவியதில் இரண்டு கிடைத்தன. ஒன்றில் முள் முழுக்கத் துருவேறி, செத்த நண்டு ஒன்று மாட்டியிருந்தது. அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் மூன்று. மீதி இரண்டு அகப்படவே இல்லை. அவை இருக்கக்கூடிய இடங்களை மற்ற எட்டுப் பேரிடமும் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னான். இருவர் கேட்டுக்கொண்டார்கள், மற்றவர்கள் காதில் வாங்காமல் போனார்கள், ஒருத்தி அவன் முகத்துக்கு நேரே துப்பினாள்.

தூண்டிலை அவன் விட்டுவிடவில்லை. கொஞ்ச நாள் விட்டுப் பார்த்தான், முடியவில்லை. அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டான். மும்முள் வைத்ததெல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டான். ஒற்றை முள் ஜிக் மட்டும்தான் இப்போது, அதிலும் பின்கொக்கியைப் பிளேயரால் நசுக்கி மட்டமாக்கி. பாதி மீன் கரைக்கு வருமுன் கழன்றுவிடுகிறது. மாட்டிக்கொண்டால் இறங்குகிறான்.

மார்ச்சில் ரெபேக்காள் மறுபடி கழியில் இறங்கினாள். இடது கையால் தடவப் பழகியிருந்தாள். முன்பு ஒரு வேளையில் நிறைந்த பறி இப்போது பாதிகூட ஆவதில்லை. அவன் கரையில் இருப்பதைப் பார்த்தால் அவள் எதுவும் கேட்பதில்லை. ஒருநாள் மட்டும், நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்: "டிரைவரே, நாளைக்குத் தண்ணி நல்லா வடியும். அந்த ரெண்டையும் தேடு."

மறுநாள் அவன் சீக்கிரமே வந்து இறங்கினான்.