ஹெப்சிபா டீச்சர் உடைத்த பலகை

ஹெப்சிபா டீச்சர் கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவருக்குக் கேட்காது. கையெழுத்துப் போட்டால் அடியில் வைத்த கார்பன் தாளில் விழாது. பேங்கில் ஒவ்வொரு முறையும் "இன்னொரு தடவை போடுங்கம்மா" என்பார்கள். அவரும் போடுவார். அதுவும் கொசு உட்கார்ந்து எழுந்த மாதிரிதான் இருக்கும்.

மதுரைப் பக்கம் பரவையில் அவர்கள் தெருவுக்கே இது ஒரு வேடிக்கை. அதைத் தொடங்கி வைத்தவர் அவருடைய வீட்டுக்காரர் இன்பசேகரன் சார். தோசையைத் திருப்பும்போது, ஊறுகாய் பாட்டிலை மூடும்போது, சப்பாத்தி தேய்க்கும்போது, "அழுத்தாத ஹெப்சி, உடைஞ்சிரும்" என்பார். வந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். டீச்சரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். கல்யாணமான புதிதில் தொடங்கிய இந்தச் சிரிப்பு, இரண்டு பேரும் ரிட்டயர் ஆன பிறகும் ஓயவில்லை.

ஏன் இந்தக் கேலி என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால் சாரே கதையைச் சொல்வார். நாமும் ஒரு தடவை சொல்லிவிடலாம், அவர் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து.

மேற்கு மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடம். ஹெப்சிபா அங்கே ஓவிய டீச்சர். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எண்பதுகளின் கடைசியில் வெளிநாட்டுச் சபை ஒன்று அந்தப் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டரை அனுப்பியது. இப்போது இருப்பது போல இல்லை. டைப்ரைட்டர் பலகை மாதிரி தடித்த ஒரு பெட்டி, அதை டிவியில் மாட்ட வேண்டும். டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டு, அது கிறீச்சென்று கத்தி முடித்தால்தான் புரோகிராம் ஏறும். அதோடு வரைவதற்கென்று தட்டையாக ஒரு பலகையும் பிளாஸ்டிக் குச்சியும் வந்தன. குச்சியால் பலகையில் இழுத்தால் டிவியில் கோடு விழும். மதுரையில் அப்போது அதைப் பார்த்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? எல்லாரும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து நின்று, போதகர் ஜெபித்து, ஆமென் சொன்ன பிறகுதான் சுவிட்சைப் போட்டார்கள்.

"யாராவது வரைஞ்சு காட்டுங்க" என்றார் பள்ளித் தாளாளர். ஆண் வாத்தியார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷாக் அடிக்குமோ என்று ஒருவர் கேட்டேவிட்டார். ஹெப்சிபா போய் உட்கார்ந்து பள்ளியின் மணிக்கூண்டை வரைந்தார். கையை எடுக்காமல், ஒரே இழுப்பில், அடியிலிருந்து உச்சிச் சிலுவை வரைக்கும். தாளாளர் அங்கேயே அறிவித்துவிட்டார். பெங்களூரில் ஆறு மாதப் பயிற்சிக்கு ஹெப்சிபாதான் போக வேண்டும், திரும்பி வந்து கம்ப்யூட்டர் அறையையும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெங்களூருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்குப் படம் வேண்டும் என்றார்கள். காலண்டரில் இருந்த மேய்ப்பர்கள் படத்தைக் கிழித்துப் பலகைமேல் வைத்து வரைந்தார். காலண்டர் தாளில் பிளாஸ்டிக் குச்சி வழுக்கியது. சட்டென்று கையிலிருந்த பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, அழுத்தி இழுத்துவிட்டார். படம் நன்றாகத்தான் வந்தது. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் பலகை மக்கர் பண்ணியது. கோடு பக்கவாட்டில் போகிறது, மேலே ஏற மாட்டேன் என்கிறது.

இயற்பியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இன்பசேகரன் சாரைக் கூப்பிட்டார்கள். அவர் பலகையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "வெளிநாட்டுச் சாமான், நான் ஸ்க்ரூ டிரைவர்கூட வைக்கல ஐயா. தொறந்தா இருக்கறதும் போயிரும். பேனா அழுத்துனதுல உள்ள இருக்கற தகடு அமுங்கிருச்சு" என்று தாளாளரிடம் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், "தெரியாமப் பண்ணிட்டாங்க, ஐயா மனசுல வச்சுக்கக் கூடாது" என்று பரிந்தும் பேசினார். அழுதுகொண்டிருந்த ஹெப்சிபாவுக்கு டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்ததும் அவர்தான்.

பெங்களூருக்கு ஹெப்சிபாவுக்குப் பதிலாக சார் போனார். வந்து கம்ப்யூட்டர் சார் ஆனார். அடுத்த வருஷம் ஹெப்சிபாவைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். எல்லாரும் குற்றம் சொன்னபோது பரிந்து பேசிய மனுஷன் என்பதால் ஹெப்சிபா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. வீட்டு ஜெபக்கூட்டங்களில் சாட்சி சொல்லச் சொன்னால் டீச்சர் இதைத்தான் சொல்வார். 'நான் உடைச்சதை வச்சே ஆண்டவர் எனக்கு ஒரு நல்ல வாழ்க்கையைக் கட்டிக் கொடுத்தார்.' எத்தனை வீடுகளில், எத்தனை தடவை சொல்லியிருப்பார்! சொல்லும்போதெல்லாம் கண் கலங்கும். பக்கத்தில் சார் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பார். என்ன ஒரு தாழ்மை என்று சபையார் நினைத்துக்கொள்வார்கள்.

போன மாதம் ராம்கி வந்தான். இரண்டு பேரிடமும் படித்தவன், இப்போது நாற்பதைத் தாண்டியவன். காளவாசலில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். பழைய கம்ப்யூட்டர்களைத் தேடிப் பிடித்து, உயிர் கொடுத்து, அதை வீடியோ எடுத்துப் போடுவதில் அவனுக்கு ஒரு கிறுக்கு. பள்ளியின் ஸ்டோர் ரூமை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்த முதல் கம்ப்யூட்டரையும் பலகையையும் கேட்டு வாங்கியிருந்தான். பழைய மாணவர் கூட்டத்தில் சாருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள், அன்றைக்கு மேடையில் அதை ஓடவிட வேண்டும் என்பது அவன் ஆசை.

"பெட்டி ஓடும்டா. அந்தப் பலகையை மட்டும் விட்டுரு. அது எப்பவோ செத்த சாமான்" என்றார் சார்.

"சும்மா டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம் சார். டீச்சர்தான் வந்து வரையணும்."

"அவ வந்தா மறுபடியும் உடைப்பா."

ராம்கி சிரித்தான். டீச்சருக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் போன பிறகு, வெயில் இம்புட்டு அடிக்குது, உனக்கு முழங்கால் வலி வேற, எதுக்கு அலையிற என்று சார் இரண்டு மூன்று தடவை சொன்னார். சார் வேண்டாம் என்றதை டீச்சர் செய்ததில்லை. இதில் மட்டும் மனசு கேட்கவில்லை. அந்தப் பலகை ஒருவேளை சரியாகிவிட்டால், சாகும் முன்னே நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கும். வேறொன்றும் அவர் கேட்கவில்லை. "போயிட்டு வாரேங்க" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

கடையில் ராம்கி எல்லாவற்றையும் தயாராக மாட்டி வைத்திருந்தான். எங்கிருந்தோ ஒரு பழைய டிவிகூடப் பிடித்திருந்தான். கேசட் கத்திக்கொண்டிருந்தபோது டீச்சர் பயந்துகொண்டே கேட்டார். "நான்தான் இதை உடைச்சேன்னு உனக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாம என்ன டீச்சர், சார்தான் ஒவ்வொரு வருசமும் முதல் கிளாஸ்லயே சொல்வாரே. 'ஒரு டீச்சர் பேனாவால அழுத்தி வெளிநாட்டுச் சாமானையே உடைச்சிட்டாங்க, நீங்களும் அப்படி ஆகிராதீங்க'ன்னு. பேரைச் சொல்ல மாட்டாரு. நாங்களே…" சொல்லிக்கொண்டே வந்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

டீச்சருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்கிறார் என்று தெரியும். பிள்ளைகளிடமும் சொன்னாரா? அதனால்தான் ஓவிய வகுப்பில் கடைசி பெஞ்சில் எப்போதும் ஒரு சிரிப்பு ஓடிக்கொண்டிருந்ததா? பட்ட அவமானத்தைக் காட்டிக்கொள்ளாமல், "வரையட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

குச்சியைத் தொட்டும் தொடாமலும் இழுத்தார். கோடு பக்கவாட்டில் ஓடியது. மேலே இழுத்தார். ஏறவில்லை. அன்றைக்குப் பார்த்த அதே காட்சி. "சார் சொன்னாருல்ல, விட்டுருப்பா" என்று குச்சியைக் கீழே வைத்தார்.

ராம்கி விடுகிற ஆள் இல்லை. பலகையைத் திறந்து, மீட்டரை உள்ளே ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தான். "டீச்சர், தகடு அமுங்கவே இல்ல. பேனாத் தடம்கூட பலகையோட மேல் தாள்லதான் இருக்கு, உள்ள இறங்கல. பலகை அம்புட்டும் நல்லா இருக்கு. கோளாறு வேற எங்கயோ" என்றான். வயரைப் பிடித்துக்கொண்டே போய், பெட்டியின் பின்னால் மாட்டும் பிளக்கைத் திருப்பிப் பார்த்தவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அட, நம்ம சார் அரக்கு!"

பிளக்கின் ஸ்க்ரூ தலையில் சிவப்பாக ஒரு பொட்டு. அந்தப் பள்ளியில் படித்த எவருக்கும் அது தெரியும். ஆய்வகத்து மீட்டர் எதையாவது சார் திறந்து மூடினால், ஸ்க்ரூமேல் அரக்கை உருக்கி ஒரு சொட்டு வைத்துவிடுவார். அரக்கு உடைந்திருந்தால் பையன்கள் கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வீட்டு மிக்சியிலும் சுவர்க் கடிகாரத்திலும்கூட அந்தச் சிவப்புப் பொட்டு உண்டு. அரக்கு வைக்காமல் ஒரு ஸ்க்ரூவை விட அவர் கைக்குத் தெரியாது.

"சார் அப்பவே தொறந்து ரிப்பேர் பார்த்திருக்காரு டீச்சர்!" ராம்கி பெருமையோடு அரக்கைச் சுரண்டினான்.

ஸ்க்ரூ டிரைவர்கூட வைக்கவில்லை என்று தாளாளரிடம் சொன்னாரே? டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார்.

பிளக்குக்குள் எல்லா வயரும் அதனதன் இடத்தில் இருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் வெட்டப்பட்டிருந்தது. இற்றுப்போகவில்லை, பிய்ந்துபோகவில்லை. கத்தரித்த வெட்டு. வெட்டிய இரண்டு முனைக்கும் ஒன்றோடொன்று பட்டுவிடாமல் பிளாஸ்டிக் உறை மாட்டி, அழகாக மடக்கி, மூலையில் செருகியிருந்தது. ரிப்பேர் பார்க்கிறவன் வயரைச் சேர்ப்பான். இது பிரித்து வைத்தவன் வேலை. ராம்கியின் சிரிப்பு நின்றுவிட்டது. அவன் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான், டீச்சர் முகத்தைப் பார்க்கவில்லை.

"சேர்த்து வை" என்றார் டீச்சர்.

பற்றவைத்தான். பெட்டி மறுபடியும் ஓடியது. டீச்சர் குச்சியை எடுத்து, கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக, அழுத்தி இழுத்தார். கோடு விறுவிறுவென்று மேலே ஏறியது. அடியிலிருந்து உச்சிச் சிலுவை வரைக்கும் மணிக்கூண்டு. கை அப்படியே நினைவில் வைத்திருந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். டீச்சருக்கோ உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பயிற்சி கைவிட்டுப் போனதற்குக்கூட அவர் வருந்தவில்லை. தண்ணீர் கொடுத்த டம்ளரை நினைத்தார். வயரை வெட்டிய கையால்தானே கொடுத்தார்? ஊரெல்லாம் போய்ச் சாட்சி சொன்னோமே, அத்தனையையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தார்? பாவி மனுஷன், ஒரு நாளாவது வாயைத் திறந்தாரா?

வீட்டுக்கு வந்தபோது சார் வாசலிலேயே நின்றிருந்தார். "என்னாச்சு?"

"வேலை செஞ்சுச்சு" என்றார் டீச்சர். வேறு எதையும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அவராகச் சொல்லட்டும். தெரியாத வயசு, ஆசையில் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அழுது தீர்த்துவிட்டு, மன்னிக்கக்கூட முடியும் என்று வழியெல்லாம் தன்னைத் தயார்படுத்திக்கொண்டு வந்திருந்தார்.

"இம்புட்டு வருசம் கழிச்சா? ஆச்சரியந்தான்" என்று சொல்லிவிட்டு சார் பேப்பரை விரித்துக்கொண்டார்.

டீச்சர் காபி போட்டுக் கொடுத்தார். எதிரே உட்கார்ந்தார். சார் பக்கத்தைப் புரட்டினார். டம்ளர் காலியாகும் மட்டும் டீச்சர் காத்திருந்தார். அப்போதுதான் போன் அடித்தது. ராம்கி.

"டீச்சர்…" அவன் குரல் தயங்கியது. "கோளாறு என்னன்னு வீடியோல சொல்லணும். மேடையிலயும் கேப்பாங்க. எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

டீச்சர் ஸ்பீக்கரைப் போட்டு போனை சார் முன்னால் நீட்டினார். "சார் இங்கதான்ப்பா இருக்காரு. அவரையே கேளு."

சார் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடியும் மாட்டினார். ராம்கி மறுமுனையில் கேள்வியைத் திரும்பக் கேட்டான். "பிளக்குக்குள்ள ஒரு வயரு விட்டுப்போயிருந்துச்சு சார். அது எப்படி…?"

"எலிப்பா" என்றார் சார், கொஞ்சமும் தடுமாறாமல். "அந்த ஸ்டோர் ரூம்ல எலி ஜாஸ்தில. கடிச்சிருக்கும்."

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். பழைய பொய் ஒன்று என்று நினைத்துத்தான் வீட்டுக்கு வந்திருந்தார். இது புதுசு. சூடு ஆறாதது. கண் எதிரே, அதே பரிவான குரலில் சொன்னது.

போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ராம்கி, நாளைக்கு நான் கடைக்கு வாரேன். வீடியோல நானே சொல்றேன், மேடையிலயும் நானே சொல்றேன். எலி கடிச்சா வயரு அறுந்துரும். அறுத்த வயருக்கு உறை மாட்டி, ஸ்க்ரூவையும் முடுக்கி, மேல அரக்கு வைக்கிற எலி நம்ம பள்ளிக்கூடத்துல ஒண்ணே ஒண்ணுதான்ப்பா இருந்துச்சு. அதைத்தான் நான் கட்டிக்கிட்டேன்."