கைப்பிடியில் தொங்கிய கால்மிதி

எல்லோரும் வெளியே ஓடும்போது உள்ளே நடந்து போகச் சம்பளம் வாங்குவதுதான் பல்கலைக்கழகக் காவல் வேலை. எவனோ அனுப்பிய வெடிகுண்டு மிரட்டலுக்காக மைதானத்து வெயிலில் காய்ந்தவர்களே, நீங்களும் நம்ம கட்சிதான். பட்டாளத்தை விட்டு, போலாரத்தில் குடியேறி, ஹைதராபாத்தில் காவல் மேற்பார்வையாளனாக நான் கண்டதைச் சொல்கிறேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன், வேண்டியதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாடிக்கும் பெருக்கல் குறி

முதல் ஒத்திகை. ஆராய்ச்சிக் கட்டிடத்தில் அலாரம் கடிகாரம் ஒன்றைச் செருப்புப் பெட்டிக்குள் போட்டு ஒளித்து வைத்தேன். தேடி முடித்த அறைக் கதவில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட வேண்டும் என்பது என் உத்தரவு. என் ஆட்கள் மூன்று மாடியிலும் போட்டுத் தள்ளினார்கள். பெட்டி மட்டும் கிடைக்கவில்லை.

அடுத்து வெடிகுண்டுப் பிரிவு இன்ஸ்பெக்டர் படியேறினார். அவர் அகராதியில் பெருக்கல் குறி என்றால் ஆபத்து. ஏறியதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கினார். அவருடைய நாய் அதற்கு முன்பே ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டது. விஷயம் புரிந்ததும் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "இவ்ளோ குண்டு வைக்க லாரி வரணுமேய்யா, கேட்ல நீ என்ன பண்ணே?"

சாக்பீஸ் நக்கோ

பெட்டியைக் கண்டுபிடித்தவர் அஞ்சலையம்மா. ரயில்வே காலனித் தமிழ்க் குடும்பம்; அந்தக் கட்டிடத்தைப் பெருக்கித் துடைப்பவர். எந்தப் பேராசிரியர் மேசைக்கடியில் என்ன கிடக்கிறது என்பது பேராசிரியருக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும். தன் பங்குக்கு ஒரு சுற்று சுற்றிவிட்டு, எதையும் தொடாமல் வந்து, "இரண்டாவது மாடி அலமாரிக்குப் பின்னால புதுசா ஒரு பெட்டி சார்" என்றார்.

எந்தெந்த அறை பார்த்தோம் என்று எப்படி நினைவிருக்கிறது என்று கேட்டேன். நடைக்கோடியைக் காட்டினார். பார்த்து முடித்த ஒவ்வொரு அறையின் கதவுக் கைப்பிடியிலும் அந்த அறையின் கால்மிதி மடித்துத் தொங்கியது. தரை துடைத்த பிறகு தினமும் செய்வதுதானாம். "கால்மிதி மேல தொங்கினா அதுக்கடியிலயும் பார்த்தாச்சுன்னு அர்த்தம். சாக்பீஸ் நக்கோ சார், வேணவே வேணாம், அதையும் நான்தான் தொடைக்கணும்."

மறுநாளே அவரைத் தேடும் குழுவில் சேர்த்தேன்.

விமானத்துக்கு நேரமாச்சு

நிஜ மிரட்டல் வந்த காலை, அதே கட்டிடத்தில் குஷாய்குடாப் பெண் ரேவதிக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. அன்று தேறினால்தான் திங்கட்கிழமை வேலையில் சேர முடியும். இல்லாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. மதுரையிலிருந்து வந்த தேர்வாளரோ வேப்பமரத்தடியில் கடிகாரத்தைப் பார்த்துக் குதித்தார்: "மூணு மணிக்கு எனக்கு பிளேன். தேர்வை ரத்து பண்ணுங்க!" ரேவதியின் முகம் வெளுத்துவிட்டது.

உள்ளே ஒவ்வொரு கால்மிதியாகக் கைப்பிடி ஏறியது. மூன்றாவது மாடியில் அஞ்சலையம்மா நின்றுவிட்டார். குடிநீர் இயந்திரத்தின் பின்னால் ஒரு கறுப்புப் பை. "யாரோட டிபன் பையாவது இருக்கும், முடிச்சிடலாம்" என்றார் எங்கள் காவலர் ஒருவர். "காலையில நான் பெருக்கினப்ப இது இல்ல. இன்ஸ்பெக்டர் பார்க்காம மாட்டேன்" என்று எங்களையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அதனால் மேலும் ஒரு மணி நேரம் போனது. ரேவதி என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை.

கடைசியில் இன்ஸ்பெக்டர் பையோடு வந்தார். உள்ளே தயிர்சாதம், மாவடு, தேர்வாளர் பெயர் எழுதிய ரேவதியின் ஆய்வேடு. நாய் மாவடுவுக்கு சல்யூட் அடித்ததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் சைரன் கேட்டதும் பையைப் போட்டுவிட்டு ஓடியவர் தேர்வாளரேதான்! அவர் பையை வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் திரும்ப, அஞ்சலையம்மா அருகே போனார்.

"கைக்கு சார், எதுக்கு இவ்ளோ அவசரம்? உங்க பைக்காக அந்தப் பொண்ணு ஒரு மணி நேரம் நின்னா. அவளுக்காக நீங்க ஒரு பிளேனை விடக்கூடாதா?"

விட்டார், ரேவதி டாக்டரானாள், வாழ்நாளெல்லாம் துப்பாக்கியோடு பழகிய நான் அன்று மனசார சல்யூட் வைத்தது ஒரு கால்மிதிக்கு, அதுவும் அஞ்சலையம்மா பார்க்காத நேரத்தில், பார்த்திருந்தால் முதலில் காலைத் துடைக்கச் சொல்லியிருப்பார்.