ஐரோப்பிய இரவில் ஒரு தாய்மாமன்

என் தங்கை மகள் சௌமியாவின் கல்யாணப் பேச்சை, ஒரு படகின் மேல்தளத்தில், ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் அணிந்த கோலத்தில், நானே என் வாயால் நிறுத்தப் பார்த்தேன். அவளைப் பார்க்க வந்தவர்களை என் மகளைப் பார்க்க வந்தவர்கள் என்று எண்ணிக்கொண்டதுதான் காரணம். பிறர் திரித்துச் சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுவது மரியாதை. ஏற்கெனவே நாமக்கல்லில் ஒரு வடிவமும் ஆத்தூரில் வேறொரு வடிவமும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆத்தூர் வடிவத்தில் நான் தண்ணீரிலும் விழுகிறேன். விழவில்லை.

நான் வசிக்கும் ராட்டர்டாமில் சந்தேகப்பட வாய்ப்பே கிடைப்பதில்லை. அங்கே மனதில் இருப்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்கள். வந்த புதிதில் அதுதான் எனக்குப் பெரிய விநோதமாக இருந்தது. பக்கத்து வீட்டு ஹெங்க் ஒருநாள் கதவைத் தட்டி, உங்கள் தாளிப்பு வாசனை எங்கள் படுக்கையறை வரை வருகிறது, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஞாயிறு காலையில் மட்டும் வேண்டாம் என்றார். அந்த வாக்கியத்தை ஒரு வாரம் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். சாப்பிடக் கூப்பிடச் சொல்கிறாரா, வீட்டுக்காரரிடம் புகார் போகப்போகிறதா, அல்லது இதற்குப் பின்னால் வேறு ஏதாவது பழைய கோபம் இருக்கிறதா? கடைசியில் ஒரு தூக்குப் பாத்திரம் நிறையக் கோழிக் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நான் ஞாயிறு காலையைப் பற்றித்தான் பேசினேன்” என்றார். அன்று வியாழக்கிழமை. இப்படிப்பட்ட தேசத்தில் சந்தேகம் பயிற்சி இல்லாமல் துருப்பிடித்துப் போகும். லீவில் ஊருக்கு வரும்போதுதான் எடுத்து எண்ணெய் போட வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் நம் பக்கத்தில் ஒருவர் சும்மா வந்தேன் என்று சொன்னால் அவர் சும்மா வரவில்லை. அதிலும் பெண் பார்ப்பது என்றால் கேட்கவே வேண்டாம். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் இரண்டு பக்கமும் தலைக்குனிவு. அதனால் கோயிலில் தற்செயலாகச் சந்திப்பார்கள். சேலத்துத் துணிக்கடையில் புடவையை விரித்துப் போட்டுக்கொண்டு, புடவைக்கு மேலாகப் பெண்ணைப் பார்ப்பார்கள். பிடிக்கவில்லையா, அன்று புடவை அமையவில்லை, அவ்வளவுதான். என்னையே அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் கல்யாணத்தில், பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் லாரி வாடகையைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தார். எனக்கும் லாரிக்கும் சம்பந்தமே இல்லை. அவர் என் மனைவியின் தாய்மாமன் என்பது நிச்சயதார்த்தத்தன்றுதான் தெரிந்தது. இந்தப் பாடத்தை நான் மறக்கவில்லை. தவறான தாளில் எழுதிவிட்டேன், அவ்வளவே.

இந்த முறை மனைவிக்கு விடுமுறை கிடைக்கவில்லை. கல்லூரி முடித்த மகள் நிலாவும் நானும் மட்டும் சேந்தமங்கலத்தில் தங்கை சுமதி வீட்டில் இறங்கினோம். சுமதியின் கணவர் ராசு, போர்வெல் வண்டி வைத்திருப்பவர். என்னை அவர் இதுவரை அழைத்துப்போன இடங்கள் இரண்டு: குலதெய்வக் கோயில், புதிதாக வாங்கிய வண்டி நின்ற கொட்டகை. அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில், “மச்சான், சாயங்காலம் காவிரில போட்ல போறமுங்க. சோறு, பாட்டு, மேஜிக்கு எல்லாம் போட்லயே” என்றார். ஆயுள் முழுக்கப் பாறைக்கு அடியில் தண்ணீரைத் தேடியவருக்கு, மேலே சும்மா கிடக்கும் தண்ணீரைப் பார்க்க என்ன திடீர் ஆசை? கேட்டேன். “சும்மாதானுங்க” என்றார். அந்த நிமிடமே எனக்குள் மணி அடித்தது.

மாலைக்குள் சாட்சியங்கள் குவிந்தன. படகில் போக சுமதி பட்டுப்புடவை கட்டினாள். “சாமி, இதை வெச்சுக்க” என்று நிலாவின் தலையில் மல்லிகைப்பூ வைத்துவிட்டாள். இரண்டு முறை என்னிடம், சட்டையை மாற்றிக்கொள்ளுங்கண்ணா என்றாள். என் மகளை எனக்குத் தெரியாமல் யாருக்கோ காட்டப்போகிறார்கள் என்ற முடிவுக்கு வந்தேன். அன்று சௌமியா என்ன உடுத்தியிருந்தாள் என்று கேட்டால் இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் வேலை செய்கிற, இருபத்தாறு வயதான, எப்போதும் எங்காவது ஓரமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிற பெண். நான் பார்த்த திசையில் அவள் இல்லை.

எடப்பாடிக்கு அப்பால், அணைத் தண்ணீர் தேங்கிக் காவிரி ஏரிபோல் அகன்று கிடக்கும் இடத்தில் அந்தப் படகு நின்றது. இரண்டு தளம், ஜெனரேட்டர், சுற்றிலும் சீரியல் பல்பு. கோயம்புத்தூர், பெங்களூர் பக்கமிருந்து விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் செல்ஃபி எடுத்தபடி ஏறிக்கொண்டிருந்தன. நுழைவாயிலில் ‘ஐரோப்பிய இரவு’ என்று எழுதியிருந்தது. தெர்மகோலில் ஓர் ஈஃபில் கோபுரம். அதன் பக்கத்தில் என்னைவிடச் சற்றே குள்ளமான காற்றாலை. உள்ளே வருகிறவர்களுக்குத் தொப்பி ஒன்று கொடுத்தார்கள். பதினெட்டு வருடம் ஐரோப்பாவில் இருந்தும் அப்படியொரு தொப்பியை நான் கண்டதில்லை. லைஃப் ஜாக்கெட்டுகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன, யாரும் தொடவில்லை. நெதர்லாந்தில் குழந்தைகள் உடுத்த துணியோடும் ஷூவோடும் நீந்திக் காட்டி ‘ஸ்வெம்டிப்ளோமா’ என்ற நீச்சல் சான்றிதழ் வாங்க வேண்டும். நிலாவிடம் அப்படி மூன்று இருக்கிறது. என்னிடம் ஒன்றும் இல்லை. எனவே ஒரு ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். சுமதி என்னைப் பார்த்த பார்வையில், மாற்றிக்கொண்டு வந்த சட்டை மறைந்துபோன துக்கம் இருந்தது.

எங்களுக்குப் பக்கத்து மேஜையில் ஒரு தந்தை, தாய், முப்பது வயதுக்குள் ஒரு பையன். ராசு அவர்களைப் பார்த்து, “அட, நீங்களா” என்றார். அந்தத் தந்தையும் “அட, நீங்களா” என்றார். பள்ளி ஆண்டுவிழாவில் முதல்முறை மேடையேறியவர்கள்கூட இதைவிட இயல்பாகப் பேசியிருப்பார்கள். ஆத்தூர்க்காரர்களாம், ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கிறார்களாம், சும்மா வந்தார்களாம். அந்த அம்மாள் எங்கள் மேஜையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் ஜாக்கெட்டில் வந்து நின்றார். நான் நாற்காலியை நகர்த்தி நிலாவை மறைத்து உட்கார்ந்தேன். மறைத்ததில் சௌமியா நன்றாகத் தெரிந்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு நான் செய்த ஒரே உதவி அது.

படகு நகர்ந்ததும் நிகழ்ச்சி தொடங்கியது. கோட்டுப் போட்ட ஒருவரே பாடினார், அவரே அறிவிப்புச் செய்தார், அவரே மேஜிக்கும் காட்டினார். ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு, இந்த மேஜையிலிருந்து ஒரு தங்கச்சி, அந்த மேஜையிலிருந்து ஒரு தம்பி வந்து ஆளுக்கொரு முனையைப் பிடிக்க வேண்டும் என்றார். நிலா ஆர்வமாக எழுந்தாள். மேஜிக்காரரையும் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. “நான் பிடிக்கிறேன்” என்று முந்திக்கொண்டு போனேன். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார், மறுத்தேன். ஆக, நூறு பேர் கைதட்ட, ஆத்தூர்ப் பையனும் நானும் ஒரு கயிற்றின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பையன் பணிவாக, “மாமாவுக்கு நீச்சல் தெரியாதுங்களா?” என்றான். மாமா என்று அவன் அழைத்ததை நான் குற்ற ஒப்புதலாகவே பதிவுசெய்துகொண்டேன். கயிறு எப்படி முடிச்சில்லாமல் ஆனது என்பதைக் கவனிக்கவில்லை.

சாப்பாட்டு வரிசையில் ஐரோப்பா ஒயிட் சாஸ் பாஸ்தாவோடு முடிந்து, பள்ளிபாளையம் சிக்கன் தொடங்கியது. தட்டோடு நின்ற என்னருகே ஆத்தூர்க்காரர் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நாங்க ஒளிவுமறைவு இல்லாத ஆளுங்க. எங்களுக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு. தாய் தகப்பன் சரின்னுட்டாங்க. பெரியவங்க நீங்களும் ஒரு வார்த்த சொல்லிட்டா மேக்கொண்டு பேசலாம்” என்றார். தாய் தகப்பன் சரி என்றுவிட்டார்கள் என்பதைக் கேட்டதுமாவது நான் விழித்திருக்க வேண்டும். தகப்பன் நான்தானே, நான் எப்போது சரி என்றேன்? ராட்டர்டாமில் இருக்கிற என் மனைவியும் இந்தச் சதியில் கூட்டு என்று அந்தக் கணத்தில் எனக்குப் பட்டது. கோபம் தலைக்கேறியது.

“இந்தப் பேச்சே வேண்டாங்க. இந்தப் பொண்ணு உங்க ஊட்டுக்குச் சரிப்பட்டு வராது” என்றேன்.

அவர் முகம் மாறியது. “ஏனுங்க, பொண்ணுகிட்ட எதுனா…” என்று இழுத்தார்.

“அதெல்லாம் சொல்லிட்டிருக்க முடியாதுங்க.”

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாக்கியத்தின் எடை தெரியும். தாய்மாமன் வாயிலிருந்து சொல்ல முடியாது என்று வந்துவிட்டால், சொல்ல முடியாத ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு நாளில் அது ஆத்தூரைத் தாண்டிவிடும். போன வருடம் சௌமியாவுக்குத் திருச்செங்கோட்டில் அமைந்திருந்த இடம், அவளைப் பற்றி விசாரித்தபோது தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி பதில் சொல்லாமல் பெருமூச்சு விட்டதிலேயே நின்றுபோனது. ஒரு பெருமூச்சுக்கே அப்படி. நான் முழு வாக்கியம் பேசியிருந்தேன்.

ஆத்தூர்க்காரர் தட்டை வைத்துவிட்டு மனைவியிடம் போனார். திரும்பினால், எனக்குப் பின்னால் சௌமியா. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாள் என்று அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. அழவில்லை. கிளினிக்கில் நோயாளியிடம் பேசுகிற குரலில், வலிக்குமென்று முன்கூட்டியே சொல்பவளைப் போல நிதானமாகச் சொன்னாள்:

“மாமா, அவங்க பாக்க வந்தது என்னைய.”

அவள் கீழே பார்த்துக்கொண்டு, “எனக்கு அவரப் புடிச்சிருக்குங்க மாமா” என்றாள்.

மேடையில் கோட்டுக்காரர் ஒரு காதல் பாட்டை எடுத்திருந்தார். கோயிலாக இருந்திருந்தால் ஆத்தூர்க்காரர்கள் இதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். துணிக்கடையாக இருந்தால் லிஃப்ட்டில் இறங்கியிருப்பார்கள். நடுக்காவிரியில் அதற்கு வழியில்லை. படகு திரும்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. காவிரிக்கு என் நன்றி. கைப்பிடிக் கம்பியருகே தலையைச் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்த அந்தத் தம்பதியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். என் மகளைப் பார்க்க வந்திருப்பதாக நினைத்துவிட்டேன், நான் சொன்னதெல்லாம் என் மகளைப் பற்றி, சௌமியாவைப் பற்றி ஒரு குறையும் எனக்குத் தெரியாது, இருந்தால்தானே தெரிவதற்கு என்றேன்.

அந்த அம்மாள் நிஜமான வியப்போடு, “உங்க பொண்ண நாங்க எதுக்குங்க பாக்கப்போறோம்?” என்றார்.

சாயங்காலம் முழுக்க என் மகளை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று காவல் காத்தவன் நான். ஆனால் அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. ஏன், என் பெண்ணுக்கு என்ன குறைச்சல்? வாய்வரை வந்ததை மென்று விழுங்கினேன். அன்று நான் விழுங்கியவற்றில் காரமே இல்லாதது பாஸ்தா மட்டும்தான்.

ஆத்தூர்க்காரர் இன்னும் இளகவில்லை. “இப்ப சொல்றது நெசமா, அப்ப சொன்னது நெசமா? எதை நம்பறது நாங்க?” என்றார். நியாயமான சந்தேகம். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் இரண்டு கேட்டிருப்பேன். நல்லவேளை, கோழிக்காலோடு நிலா அந்தப் பக்கம் வந்தாள். அவர் அவளை நிறுத்தி, உங்கப்பா எப்பவுமே இப்படித்தானா என்று கேட்டார். நிலாவுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. ராட்டர்டாம் பள்ளியில் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. “எப்பவுமே இப்படித்தாங்க. என் ஃப்ரெண்ட்ஸ் வீட்டுக்கு வந்தா, போற வரைக்கும் எதுக்கு வந்தாங்கன்னே யோசிச்சிட்டு இருப்பாரு. நீங்க அக்காவப் பாக்க வரீங்கன்னு அக்கா எனக்குப் போன வாரமே சொல்லிட்டாங்க” என்றாள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க கேக்கலியேப்பா” என்றாள்.

ஆத்தூர்க்காரர் முதலில் நிலாவைப் பார்த்தார், பிறகு என் ஜாக்கெட்டைப் பார்த்தார். உதடு லேசாக விலகியது. மறுபடி போய்த் தட்டை எடுத்துக்கொண்டார். எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று பிறகு சுமதியைத் தனியாகப் பிடித்தேன். மாப்பிள்ளை வீட்டார்தான் சொல்ல வேண்டாம் என்றார்களாம். சொல்லிவிட்டுப் பார்த்தால் எல்லோரும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள், மாமன் எப்படிப்பட்டவர் என்று இயல்பில் பார்க்க வேண்டும் என்றார்களாம். பார்த்துவிட்டார்கள்.

படகு கரை சேர்ந்தபோது, சௌமியாவும் அந்தப் பையனும் கீழ்த்தளத்தில் ஒரு கை தூர இடைவெளி விட்டு நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஜாக்கெட்டைக் கழற்றிக் குவியலில் போட்டேன். வேலையாட்கள் ஐரோப்பாவை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள். காற்றாலையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் பலகை வழியே என்னைத் தாண்டி இறங்கினார். வழி விட்டு ஒதுங்கியதில் என் ஒரு கால் கரையிலும் ஒரு கால் படகிலுமாக நின்றது. “அண்ணா, ஏறறீங்களா எறங்கறீங்களா?” என்று கயிறு பிடித்திருந்தவர் கேட்டார்.

மூன்றாம் நாள் ஆத்தூரிலிருந்து தகவல் வந்தது. சம்மதம். சௌமியா எனக்கு ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை இரண்டு மடங்கு. நிம்மதியில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது. அத்தனை நடந்தும் ஒத்துக்கொண்டார்கள் என்றால், ஒளிக்காமல் உண்மையைச் சொன்ன மாமன் மேல் ஒரு மதிப்பு வந்திருக்க வேண்டும் அல்லவா? என்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று சுமதியைக் கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லை என்றால் ஏதோ இருக்கிறது. விடாமல் கேட்டேன். மாப்பிள்ளையின் அம்மா போனில் சொன்னதை, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அப்படியே சொன்னாள்:

“மாமன்காரரு கொஞ்சம் ஒரு மாதிரிதான். இருந்தா என்ன, அவருதான் ஊருக்குப் போயிருவாருல்ல.”