பனி நாட்டுக்குக் கொடி கட்டியவள்

என் அக்கா அகீலாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். வெளியே போய் வந்ததும் பிரிட்ஜின் மேல் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டுக்கொண்டு நிற்பாள். எதையும் எடுக்க மாட்டாள். ஓரத்தில் படிந்திருக்கும் வெள்ளையை நகத்தால் சுரண்டி, உள்ளங்கையில் ஒரு சின்ன மேடு கட்டி, அது கரைந்து விரலிடுக்கால் வடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். வெள்ளவத்தையில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில், மேற்குப் பார்த்தது. பின்னேரமானால் சுவரே சுடும்.

"கரண்ட் பில்லை உன்ர மாமனாரே வந்து கட்டப்போறார்? சாத்தடி கதவை" என்று அம்மா குசினிக்குள் இருந்து கத்துவார்.

"மாமனார் ஆரெண்டு தெரியட்டும், கேட்டுச் சொல்லுறன்" என்பாள் அக்கா. கதவு மூடாது.

அவளுக்குத் தெரிந்த பனி அவ்வளவுதான். எங்களில் யாரும் வேறு பனியைக் கண்டதில்லை, அண்ணாவைத் தவிர.

அப்பா இறந்தபோது அக்கா சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். அதோடு படிப்பை விட்டுவிட்டுக் கொட்டாஞ்சேனையில் ஸப்வான் நானாவின் பட்டறைக்கு வேலைக்குப் போனாள். கலியாண மேடை, பிறந்தநாள் வளைவு, கண்காட்சிக் கூடம் என்று எல்லாம் செய்யும் இடம் அது. ஆரம்பத்தில் பூ ஒட்டினாள். பிறகு ரெஜிபோம் வெட்டினாள். அந்த வெள்ளைப் பலகையில் சூடான கம்பியை ஓடவிட்டால் யானையும் வரும், தேரும் வரும். சில வருடங்களில் படம் கீறித் திட்டம் போடுவது முழுக்க அவள் கையில் வந்தது. நான் பல்கலைக்கழகம் போனேன், எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக. சமூகவியல் படித்தேன். மனிதர்கள் எப்படித் துக்கம் காக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதி நல்ல புள்ளி வாங்கினேன். அதை எழுதிக்கொண்டிருந்த அதே மேசையில் அம்மாவும் அக்காவும் ஒருவரோடொருவர் கதைக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எழுதியிருப்பேனா தெரியாது.

கிஷாந்த் அண்ணா அக்காவுக்கு அடுத்தவர். ஜேர்மனிக்கென்று புறப்பட்டு, இரண்டு நாடுகளின் எல்லையில் இருக்கும் ஒரு காட்டுக்குள் போனவர். விமான நிலையத்தில் அம்மா அவருக்குச் சொன்ன புத்திமதி, "பனிக்குள்ள நிக்காதை, தடிமன் பிடிக்கும்." எங்களுக்குப் பனி என்றால் விடியப்புறம் புல்லில் கிடப்பது, தலையை மூடிக்கொண்டால் போதும். அந்தக் காட்டில் விழுந்துகொண்டிருந்தது அதே பெயருள்ள வேறொன்று. அவரோடு நடந்துபோன பெடியன் ஒருவன் ஜேர்மனியில் சேர்ந்தபிறகு தொலைபேசி எடுத்துச் சொன்னான்: பாதை தெரியவில்லை, எல்லாம் வெள்ளை, அண்ணா ஒரு மரத்தடியில் குந்தி இருந்துவிட்டார், நீங்கள் போங்கோ நான் வாறன் என்றார், நாங்கள் நின்றிருந்தால் எல்லாரும் முடிந்திருப்போம்.

அம்மா தொலைபேசியை வைத்துவிட்டுச் சொன்னார்: "இருந்தவன் எழும்பி வந்திருப்பான்."

அண்ணாவுக்கென்று ஒன்றும் செய்ய விடவில்லை. படம் மாட்டவில்லை, விளக்கு வைக்கவில்லை, எட்டாம் நாள் சடங்கும் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் இல்லை. பிறகு எங்கள் வீட்டில் நடந்த சண்டை எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

"அம்மா, அவனுக்குச் செய்யவேண்டிய கடனைச் செய்துவிடுவம். அவன் அந்தரிச்சுக்கொண்டு நிக்கிறான்" என்பாள் அக்கா.

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கச் சொல்லுறியே? உனக்கு வாய் கூசேல்லையே?"

"உயிரோட இருந்தா ஒரு கோல் எடுக்கமாட்டானே அம்மா?"

"எடுப்பான். நீ உன்ர வேலையைப் பார்."

இப்படி இருக்கும்போதுதான் ஸப்வான் நானாவுக்கு அந்த ஒப்பந்தம் வந்தது. கொழும்பின் வடக்கு ஓரத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த கேளிக்கைப் பூங்காவில் ஒரு பகுதியை வடதுருவம் போல் செய்துகொடுக்க வேண்டும். பனிமலை, உறைந்த ஏரி, கரடி, சறுக்கு. அக்காவைக் கூப்பிட்டு, "அகீலா, இத நீங்கதான் செய்யோணும். வேற ஆள் எனக்கு இல்ல" என்றார். அவருக்கு அண்ணாவின் கதை தெரியும். தெரிந்தும் ஏன் கேட்டார் என்று எனக்குக் கோபம் வந்தது. அக்கா கோபப்படவில்லை. "ஓம், செய்யலாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து வடதுருவக் காணொளிகளாகப் பார்த்தாள். காற்றடித்து வானமும் நிலமும் ஒரே வெள்ளையாகும்போது அங்கே ஆட்கள் எப்படி வழி பிடிக்கிறார்கள் என்று ஒன்றில் காட்டினார்கள். பாதை நெடுகக் கம்பு நட்டு, கம்புக்குக் கம்பு கொடி கட்டிவிடுகிறார்கள். ஒரு கொடியடியில் நின்றால் அடுத்த கொடி தெரியவேண்டும். அக்கா அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். அடுத்த நாள் அவளுடைய திட்டத்தில் வாசலிலிருந்து பனிமலை அடிவரை கொடிகள் வந்துவிட்டன.

மூன்று மொழிப் பலகைகளுக்குத் தமிழ் எழுதிக் கொடுக்க நானும் சில நாள் பட்டறைக்குப் போனேன். அதனால் அந்தக் கொடிப் பிரச்சினையை நேரிலே கண்டேன்.

"இது என்னத்துக்கு?" என்றார் ஸப்வான் நானா. "வாசல்ல நிண்டு எட்டிப் பாத்தா மலை தெரியிற. இதுக்குள்ள ஆரு தொலையப் போற?"

"கொடி வேணும் நானா."

"வெள்ளக்காரன் கேட்டா அவன்ட ஊர்ல இப்பிடி இரிக்கி எண்டு சொல்லலாம். நம்மட சனம் கேட்டா?"

"பாதை தெரியாட்டிச் சனம் என்னெண்டு போறது?" அக்காவின் குரல் ஏறியது. நானா அதற்குப் பிறகு கொடியைப் பற்றிக் கேட்கவில்லை.

நிறம்தான் சிக்கலானது. அக்கா முதலில் சிவப்பு என்று போட்டிருந்தாள். வெள்ளையில் சிவப்புத்தான் எடுத்துக் காட்டும். ஆனால் அது தேர்தல் காலம். பூங்காவின் மனேஜர், சிங்களவர், நல்ல மனிதர், தலையில் கை வைத்துக்கொண்டார். சிவப்புக் கட்டினால் ஒரு கட்சி, நீலம் இன்னொன்று, பச்சை வேறொன்று. எவனாவது படம் எடுத்துப் போட்டால் திறக்க முன்னமே பூட்டவேண்டிவரும். மஞ்சள் என்றாள் அக்கா. அது விகாரைக்குரிய நிறம், விளையாடக்கூடாது என்றார் அவர்.

மூலையில் கரடிக்குப் பூச்சு அடித்துக்கொண்டிருந்த சுடலைமுத்து திரும்பிப் பார்த்து, "ஏம்மா, கரடிக்காச்சும் வெள்ள அடிக்கலாமா, இல்ல அதுவும் எவனுக்காச்சும் சின்னமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மனேஜருக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் அவரும் சிரித்தார். சிரிப்போடு சிரிப்பாகக் கொடியும் வெள்ளை என்று முடிவாயிற்று. எந்தக் கட்சிக்கும் இல்லாத நிறம். வெள்ளைக் கடதாசியில் கீறிய திட்டத்தில் வெள்ளைக் கொடி கண்ணுக்கு உறுத்தவில்லை. அங்கே இருந்த எல்லாரும், தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்று ஒருவர் விடாமல், அதில் கையெழுத்துப் போட்டார்கள். நானும் அங்கேதான் நின்றேன்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் வேலை செய்தவர்களின் குடும்பங்களை அழைத்திருந்தார்கள். அம்மா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அந்த வேலையைப் பற்றி அதுவரை அவர் ஒன்றும் கேட்டதில்லை. அக்கா காலையில் போகும்போது, "ஒருக்கா வந்து பாருங்கோவன் அம்மா, நான் செய்தது" என்றாள். அம்மா தேங்காய் துருவிக்கொண்டே இருந்தார். பின்னேரம் நல்ல சேலை ஒன்றை உடுத்துக்கொண்டு வந்து, "ஓட்டோவைக் கூப்பிடு, யது" என்றார்.

இறங்கியபோது கடற்காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. வாசலின் இரண்டு பக்கமும் வரிசையாகக் கம்புகள். கம்புக்குக் கம்பு வெள்ளைத் துணி, எல்லாம் ஒரே பக்கமாகப் படபடத்தன. எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு சிங்களக் குடும்பத்தில் தகப்பன் சட்டென்று நின்றார். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். துள்ளிக்கொண்டு ஓடிய தன் மகளைத் தோளில் பிடித்து அமர்த்தினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த நாட்டில் ஒரு ஒழுங்கைக்கு இரண்டு பக்கமும் வெள்ளைக் கொடி கட்டியிருந்தால் அந்த ஒழுங்கைக்குள் செத்த வீடு. அது எந்தச் சனத்துக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, பட்டறைக்குள் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

அம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடினார். வாசலில் நின்ற காவலாளிப் பெடியனிடம் போய், குரலைத் தாழ்த்தி, "புத்தே, கவுத நெத்தி உனே?" என்று கேட்டார். மகன், யார் தவறியது?

அவன் சிரித்துவிட்டான். "கவுருத் நே அம்மே. மே ஐஸ் லோகய!" ஒருவரும் இல்லையம்மா, இது பனி உலகம்.

அம்மா சிரிக்கவில்லை. கொடிகளை ஒருமுறை கடைசிவரை பார்த்தார். பிறகு நடந்தார். செத்த வீட்டு வாசலில் நடப்பது போலத்தான், மெதுவாக, யாருடைய முகத்தையும் பார்க்காமல். நான் பின்னால் போனேன். பனிமலை அடியில் அக்கா காத்துக்கொண்டு நின்றாள். மேலே இருந்த இயந்திரம் சோப்பு நுரையைப் பனியாகத் தூவிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

அம்மா கையை நீட்டி அந்த நுரையை ஏந்தினார்.

"இதுக்குள்ளயோ பிள்ளை அவன் இருந்தவன்?"

"இப்பிடி இல்லை அம்மா. இது சும்மா நுரை. அது... எனக்குத் தெரியாது."

"கொடி கட்டியிருக்கிறாய்."

"ஓம்."

"அங்க ஒருத்தரும் கட்டேல்லை."

அக்கா தலையை ஆட்டினாள். அம்மா கையைச் சேலையில் துடைத்தார். "வாங்கோ, வீட்டை போவம்."

மூவரும் ஓட்டோவில் திரும்பினோம். வீட்டுக் கதவைத் திறந்ததும் அம்மா உள்ளே போகாமல் செருப்போடு நின்றார். "ஒண்டிலும் முட்டாதையுங்கோ" என்றார். "யது, தண்ணியைத் திற." நேரே குளியலறைக்குப் போய்த் தலையோடு முழுகினார். பிறகு அக்காவை அனுப்பினார். பிறகு என்னை. உடுத்திருந்த நல்ல சேலையையும் வாளியில் போட்டு நனைத்தார். செத்த வீட்டுக்குப் போய்வந்தால் முழுகாமல் வீட்டுக்குள் புழங்கக்கூடாது. இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். என் கட்டுரையிலும் இருந்தது. ஆனால் அன்று, ஈரத்தலையோடு கட்டிலில் இருந்தபோதுதான், அம்மா எந்த வீட்டுக்குப் போய்வந்தார் என்பது எனக்கு உறைத்தது.

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே அக்காவிடம் சொன்னார்: "அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்வம்."

அக்கா அழுதாள். ஜேர்மனியிலிருந்து வந்த அந்த அழைப்புக்குப் பிறகு அவள் அழுது நான் கண்டது அன்றுதான்.

திறப்பு விழாக் காலையில் கொடிகளை இறக்கிவிட்டார்கள். "அகீலா, நாம ஐஸ் ஒலகம் கட்ட வந்த, மையத்து ஊடு கட்ட இல்ல" என்று ஸப்வான் நானா சொன்னாராம், கோபத்தை விடக் கவலையாக. எல்லா நிறத்தையும் கலந்து வேறு கொடி கட்டினார்கள். எல்லாக் கட்சியும் சேர்ந்தால் ஒரு கட்சியும் இல்லையென்று மனேஜரே கண்டுபிடித்தார். சனம் திரண்டு வந்தது.

ஐயரிடம் போனோம். இறந்த திதி தெரியாது என்றால் அமாவாசையில் செய்யலாம், ஆடி அமாவாசைக்கு முகத்துவாரத்துக்கு வாருங்கோ என்றார். கொள்ளி வைக்கும் முறைக்காரர் ஆண் ஒருவர் வேண்டும், வீட்டில் இருப்பது பெண்கள் மூவரும்தான். கல்கிசையில் இருக்கும் பெரியப்பாவின் மகன் லவன் அண்ணா தான் செய்வதாகச் சொன்னார். ஆயத்தங்களைப் பார்க்க நான் முன்வந்தபோது அக்கா தடுத்தாள். "இது என்ர கடன், யது. நான் பாக்கிறன்."

ஆடி அமாவாசைக்குக் கிட்டவாக, ஜேர்மனியில் இருக்கும் அந்தப் பெடியனிடம் இன்னுமொருக்கா விவரம் கேட்கவேண்டும் என்றாள். அவன் எடுத்தான், முதல் சொன்னதையேதான் சொன்னான். அடுத்த அமாவாசைக்கு லவன் அண்ணா லீவு போட்டுவிட்டுக் கேட்டார். செஞ்சிலுவைக்கு எழுதியதற்குப் பதில் வரட்டும் என்றாள். பதில் வந்தது, ஒன்றும் தெரியாது என்று வந்தது. அதற்குப் பிறகும் ஒரு காரணம் இருந்தது. வருடக்கணக்காக அண்ணா இல்லையென்று வாதாடியவள் அவள். அம்மா ஒத்துக்கொண்டதும் வாதாட ஆளில்லாமல் போயிற்று. அதுவரை அவளுக்கும் சேர்த்து அம்மாதான் நம்பிக்கொண்டிருந்தாரோ என்று சிலநேரம் யோசிக்கிறேன். சரியா, பிழையா என்று தெரியாது. அவளிடம் கேட்கவும் துணிவில்லை.

போன மாசம் அக்கா வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குப் போனாள். அங்கேயும் ஒரு பனி உலகம்தான் கட்டுகிறார்களாம். வாசலில் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

"வந்தாப் பிறகு, அம்மா" என்றாள் அக்கா.

லவன் அண்ணா இடைக்கிடை எடுத்துக் கேட்கிறார். அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்கிறேன். கிஷாந்த் அண்ணாவின் பெயர் சொல்லி ஒரு கை எள்ளும் தண்ணியும் இன்னும் இறைத்தபாடில்லை.