புரியாமலே தலையாட்டினேன்

பாவூர்சத்திரத்தில் காய்கறி மொத்தக் கடை வைத்திருக்கிறேன். சென்ற வருஷம் தென்காசியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் என் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். நர்ஸ் ஓர் ஆங்கிலத் தாளை நீட்டி, "புரியுதுல்லா அண்ணாச்சி?" என்றார். இங்கிலீஷ் வராது என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தெரிந்த வைத்தியமாக, வெந்நீரில் உப்புப் போட்டு மணிக்கொருதரம் கொப்பளித்தேன். சாயங்காலம் வாயெல்லாம் ரத்தம். தோள் துண்டு நனைந்துவிட்டது. என் மனைவி பயந்துபோய் ஆட்டோ பிடித்தாள்.

டாக்டர் பஞ்சை வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்தினார். "இன்னைக்குக் கொப்பளிக்கவே கூடாதுன்னுதான தாள்ல மொத வரியே இருக்கு!" என்றார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "தமிழ்ல சொல்லாதது எங்க தப்புதான்" என்றார்.

மறுவாரம் போனபோது, பல் விஷயங்கள் நோயாளிகளுக்கு எவ்வளவு புரிகின்றன என்று அளப்பதற்காக, பல் மருத்துவக் கல்லூரிப் பெண் ஒருத்தி தமிழிலும் ஆங்கிலத்திலும் கேள்வித்தாள்கள் கொண்டுவந்திருந்தாள். தமிழ்த் தாளிலும் 'பற்காரை' என்ற சொல்லில் தடுமாறி நின்றேன்.

"இது என்னம்மா?"

"பல்லுல கெட்டியா படியுத மஞ்சக் கறை, அண்ணாச்சி."

"அதையே எழுதுனா எங்க மார்க்கெட்டுல எல்லாருக்கும் வெளங்குமே!"

சிரித்துக்கொண்டே பேனாவால் மாற்றி எழுதினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போதெல்லாம் எந்த ஆஸ்பத்திரியில் தாள் கொடுத்தாலும், "வாயால சொல்லுங்க, நான் திருப்பிச் சொல்லுதேன், சரியான்னு பாருங்க" என்கிறேன். அவர்கள் சரி என்ற பிறகுதான் நாற்காலியை விட்டு எழுகிறேன்.