ஃபியூஸ் தின்ற பிளாஸ்மா டிவி

எங்கள் மலையிலுள்ள ரிங்லெட் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய், ஒருநாள் மத்தியானம் தன் பெரிய பிளாஸ்மா டிவியைக் கம்பளியில் சுற்றி, லோரியில் ஏற்றிக்கொண்டு எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கே வந்துவிட்டார். என் கணவர் தோட்டத்து ஃபேக்டரியில் வேலை செய்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் நான் பினாங்கில் டிவி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருந்தேன். டிவிக்குள் இருக்கும் சர்க்கிட் பலகைகளைச் சோதித்துப் பழுது பார்ப்பதுதான் வேலை. மலைக்கு வந்த பிறகு தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டின் முன்னறையில் மேசை போட்டு ரிப்பேர் தொடங்கினேன். பொம்பளை டிவி பிரிப்பதை வேடிக்கை பார்க்க வந்தவர்கள், பிறகு தங்கள் டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பாய் என்னிடம் வருமுன் இரண்டு பேரிடம் காட்டியிருந்தார். ஒருவர் ஃபியூஸை மாற்றினார், போயிற்று. மற்றவர் பெரிய ஃபியூஸாகப் போட்டார், அதுவும் போயிற்று. இந்தக் காலத்தில் பிளாஸ்மாவை யார் வைத்திருக்கிறார்கள், புதிது வாங்குங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

"எல்லாரும் தூக்கிப் போடுன்னுதான் சொல்றாங்க தங்கச்சி. நீயும் அதையே சொல்லிடாதலா," என்றார்.

கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு மலையிறங்கும் லோரிக்காரர்கள் பந்து ஆட்டம் பார்க்கத்தான் அவர் கடையில் வண்டியை நிறுத்துகிறார்களாம். புது டிவிகளில் பந்து ஓடும்போது படம் இழுபடுகிறது, இதில் அப்படி இல்லை என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. பிளாஸ்மாவில் கறுப்பு கறுப்பாகவே தெரியும். எனக்கும் அது பிடிக்கும்.

ஃபியூஸ் தானாகப் போவதில்லை. உள்ளே ஏதோ ஒன்று அளவுக்கு மீறிக் கரண்டை இழுக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஃபியூஸ் மாற்றுவது வெட்டி வேலை. பின்மூடியைக் கழற்றி, உள்ளே தேங்கியிருந்த கரண்டை வடியவிட்டேன். பிறகு ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு குண்டு பல்பை இணைத்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், எதுவும் வெடிக்காது. எரிந்தது. பலகைகளின் இணைப்பை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தேன். திரைக்குக் கரண்ட் கொடுக்கும் இடப்பக்கத்துப் பலகையைப் பிடுங்கியதும் பல்பு மங்கிவிட்டது. அந்தப் பலகையில் சில டிரான்சிஸ்டர்கள் கருகியிருந்தன. ஈப்போவிலிருந்து புதியவை வரவழைத்து மாற்றினேன். எங்கள் வீட்டில் காலையிலிருந்து சாயந்திரம்வரை ஓடவிட்டேன். ஒரு குறையும் இல்லை.

பாய் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே மாட்டினார். மறுநாள் காலையிலேயே போன் செய்தார். ஃபியூஸ் போய்விட்டது.

எனக்கு எரிச்சல் வந்தது, ஆனால் என் வேலைமேல் சந்தேகம் வரவில்லை. என் கையால் வைத்த ஈயப்பற்றை எனக்குத் தெரியும். என் வீட்டில் ஓடுகிற டிவி அவர் கடையில் சாகிறது என்றால் கோளாறு கடையில்தான் இருக்க வேண்டும். முதலில் அங்கே போய் பிளக்கில் கரண்ட் அளந்தேன். சரியாகவே இருந்தது. எப்போது போகிறது என்று பாயைக் கேட்டேன். எப்போதும் காலையில்தான், கடை திறந்து சுவிட்ச் போட்டதும் என்றார். முன்னால் பார்த்த இரண்டு பேருமே இதைக் கேட்கவில்லையாம்.

டிவியை மறுபடி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து, அவர் சுவரில் மாட்டினேன். காலையில் நான் வரும்வரை சுவிட்சில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் என் கணவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். தெரு முழுக்கப் பனி. பாய் கதவைத் திறந்து, டீ போடும் தண்ணீர் பாய்லரைப் பற்றவைத்தார். நான் உட்கார்ந்து டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கொதித்ததும் ஆவி சுவரோடு ஏறி நேராக டிவிக்குப் பின்னால் போயிற்று. நாற்காலி போட்டு ஏறிப் பின்பக்கம் விரலை விட்டேன். ராத்திரிக் குளிரில் தகரம் ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது. விரல் நனைந்து வந்தது. பின்மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன். சமையல் புகையின் எண்ணெய்ப் பிசுக்கு பலகைமேல் படிந்திருந்தது, அதன்மேல் பொடிப்பொடியாக நீர் முத்துக்கள். அந்த ஈரத்தில் சுவிட்ச் போட்டால் கரண்ட் போகக் கூடாத வழியில் பாயும். டிரான்சிஸ்டர் கருகும், ஃபியூஸ் போகும்.

பாயை நாற்காலிமேல் ஏற்றிக் காட்டினேன். "இது மெஷின் கோளாறு இல்ல பாய். உங்க டிவி தினம் காலையில குளிக்குது," என்றேன்.

டிவியை எதிர்ச்சுவருக்கு மாற்றச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே மக்காவின் படம் மாட்டியிருந்தது. அதை எடுக்கவும் மாட்டேன், அதன் கீழே பாட்டும் கூத்தும் ஓடவும் விடமாட்டேன் என்றார். அது அவர் உரிமை, நான் வற்புறுத்தவில்லை. இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்போது அவர் மனைவி சமையல்கட்டிலிருந்து வந்தார். அந்தப் பாய்லருக்குப் பக்கத்தில் நின்றுதான் அவர் நாள் முழுக்க ரொட்டி போடுவார்.

"பாய்லரப் பின்வாசப் பக்கம் கொண்டுபோங்கன்னு எத்தன வருஷமா சொல்றேன். எனக்கு வேர்த்தப்ப காதுல விழல. டிவிக்கு வேர்த்தா விழும்போல," என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

பாய் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு போனை எடுத்துக் குழாய் வேலை செய்கிறவரைக் கூப்பிட்டார்.

அந்த வாரத்திலேயே பாய்லர் பின்வாசலுக்குப் போயிற்று. நான் பலகைகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, முடி காயவைக்கும் மெஷினால் உலர்த்தி மூடினேன். அதன் பிறகு அந்த டிவியில் ஃபியூஸ் போகவில்லை. அவர் மனைவி எனக்கு இரண்டு ரொட்டி சுட்டுத் தந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இந்த நேரத்தில் தான் உட்கார்ந்து வெகுநாளாயிற்று என்றார்.

இப்போது மலையின் மறுகோடியில் இருக்கும் கம்போங் ராஜாவிலிருந்துகூட டிவி வருகிறது. திருப்புளியைக் கையில் எடுக்குமுன் டிவி எங்கே மாட்டியிருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று விசாரிக்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். நான் பதில் வரும்வரை காத்திருக்கிறேன்.