ஒன்பதில் மட்டும் போட்ட வட்டம்

மூன்று வருடங்களுக்கு முன்பு தூத்துக்குடியில் நடந்தது. அங்கே ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் நான். கணவருக்குச் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. ஊரில் இவ்வளவு பெரிய துறைமுகம் இருந்தும், அவர் கப்பல் ஒரு தடவைகூட இங்கே வந்ததில்லை.

அவருடைய ஒப்பந்தம் ஒன்பது மாதம். ஒரு மாதம் கூடவோ குறையவோ ஆகலாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. நான்தான் சத்தமாகப் படித்தேன். ஆனால் மனதில் நின்றது ஒன்பது மட்டும்.

மகளுக்கு அப்போது மூன்று வயது. அவர் கிளம்பிய நாளிலிருந்து ஒன்பது மாதம் எண்ணி, அதற்கடுத்த வாரம் காதுகுத்து என்று நாள் குறித்தேன். பத்திரிகையும் கொடுத்தாயிற்று. பத்து நாள் இருக்கும்போது கப்பலிலிருந்து போன். அவருக்குப் பதிலாக ஏறவேண்டிய ஆள் வரவில்லையாம்.

"ஏளா, கொஞ்சம் தள்ளி வைக்கக் கூடாதா? புள்ளைக்குக் காது குத்துறத நான் பாக்கணும்லா," என்றார்.

"ஊரையே கூப்பிட்டாச்சு, உங்களுக்காக யாரு காத்துக் கெடப்பா?" என்று வெடுக்கென்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

காதுகுத்து நடந்தது. என் அண்ணன் மடியில் மகள் வீறிட்டபோது, நான் கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரமாட்டார் என்று தெரிந்தும்தான்.

மறுவாரம் வகுப்பில் அசமன்பாடு பாடம். முந்தைய பாடத்துச் சமன்பாடுகளில் x-க்கு ஒரே தீர்வு, இங்கே பல இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, வாய்க்கு வந்த உதாரணத்தைக் கொடுத்தேன். கப்பலுக்குப் போனவர் எட்டு மாதத்துக்குக் குறையாமல், பத்து மாதத்துக்கு மிகாமல் இருப்பார். x என்பது முழு மாதங்கள். எண்கோடு வரைந்து வட்டமும் போட்டேன். முன்பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், எட்டு, ஒம்பது, பத்து மூணுமே தீர்வுதான? ஒம்பதுல மட்டும் வட்டம் போட்டிருக்கீங்க."

திரும்பிப் பார்த்தேன். கை தானாகப் போட்டிருக்கிறது. மற்ற இரண்டு வட்டங்களையும் போடும்போதுதான் உறைத்தது. அந்த மனுஷன் எனக்கு எந்தத் தேதியும் சத்தியம் செய்து தரவில்லை. நானே ஒன்றை முடிவு செய்துகொண்டு, அவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டேன்.

பத்தாம் மாதம் முடிகிற வாரம் அவர் வந்தார். ஆட்டோவிலிருந்து பெட்டியைக்கூட எடுக்காமல், மகளின் கம்மலைத் தொட்டுப் பார்த்து, "வலிச்சுதா மக்கா?" என்று கேட்டார். "இப்ப வலிக்கல," என்றாள் அவள்.

இப்போதும் அவர் கப்பலில்தான் இருக்கிறார். அப்பா எப்போ வருவாங்க என்று மகள் கேட்டால் எட்டிலிருந்து பத்து மாசத்துக்குள்ளே என்று சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதைச் சொல்கிற கணக்கு டீச்சருக்குள்ளே, ஒரே ஒரு தேதிக்காக ஏங்குகிற ஒருத்தி இன்னமும் இருக்கத்தான் செய்கிறாள்.